நார்வேயின் பதினாறு வயது ஹாக்கிப் பையன்: ஊரிலேயே இருப்பதா, எல்லை தாண்டுவதா?

2024 ஜூன் 28 இரவு லாஸ் வேகாஸின் ஸ்ஃபியர் அரங்கத்தில் என்எச்எல் டிராஃப்ட் நடந்தது. வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் 32 அணிகளும் வரிசையாக வந்து, உலகம் முழுவதிலும் இருந்து பதினெட்டு வயதை ஒட்டிய ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் நாள் அது. 15வது பெயரைச் சொன்னது டெட்ராய்ட் ரெட் விங்ஸ்: மிக்கேல் பிரான்ட்செக்-நீகோர்ட், ஒஸ்லோக்காரர், விங்கர், அதாவது முன்வரிசையில் ஓரத்தில் ஆடுபவர். எட்டு இடம் தள்ளி, 23வதாக அனஹைம் டக்ஸ் ஸ்தியான் சூல்பெர்க்கை எடுத்தது. அவரும் நார்வேதான், டிஃபென்ஸ் ஆடுபவர். அவரை விட்டுவிடக் கூடாது என்று, தன் கையில் இருந்த 31வது, 58வது இடங்களை டொரொன்டோவுக்குக் கொடுத்து அந்த 23வது இடத்தை வாங்கியிருந்தது அனஹைம்.

அன்று வரை எந்த நார்வே வீரரும் முதல் சுற்றில் போனதில்லை. 2002ல் மாரியுஸ் ஹோல்டெட் 42வதாகப் போனதுதான் அதுவரை உச்சம். இருபத்திரண்டு ஆண்டு நின்ற கோடு ஒரே இரவில் இரண்டு முறை தாண்டப்பட்டது.

என்னை இன்னும் யோசிக்க வைப்பது வேறு ஒரு விஷயம். இருவரும் 2005ல் பிறந்தவர்கள். ஒருவர் பதினாறு வயதில் வீட்டை விட்டு ஸ்வீடனுக்குப் போனவர். மற்றவர் டிராஃப்ட் வரை ஒஸ்லோவின் வோலெரெங்கா கிளப்பிலேயே ஆடியவர். வழிகள் இரண்டும் வேறு, போய்ச் சேர்ந்த இடம் கிட்டத்தட்ட ஒன்று. அப்படியென்றால் எந்த வழியில் போனாலும் ஒன்றுதானா? இல்லை என்றே நினைக்கிறேன். எந்த வழி எந்தப் பையனுக்குப் பொருந்தும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில், இந்த முடிவு எப்போது எடுக்கப்படுகிறது என்பது முக்கியம். நார்வேயில் பத்தாம் வகுப்பு முடித்து மேல்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி மார்ச் 1. அப்போது பையனுக்கு வயது பதினைந்து, அல்லது பதினாறு ஆகியிருக்கும். என்டிஜி போன்ற விளையாட்டுப் பள்ளியா, ஊர்ப் பள்ளியா, எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்வீடனின் ஹாக்கி ஜிம்னாசியமா (ஹாக்கியும் படிப்பும் சேர்ந்த மேல்நிலைப் பள்ளி) என்பதை அந்தக் குளிர்காலத்திலேயே தீர்மானித்தாக வேண்டும். அதாவது குரல் உடைந்து, உடம்பு இன்னும் வளர்ந்து முடியாத ஒரு பிள்ளையின் ஹாக்கி வாழ்க்கை அவன் அம்மா அப்பாவோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முடிவாகிறது. ஸ்வீடன் பையனுக்கோ பின்லாந்துப் பையனுக்கோ இந்தத் தலைவலி இல்லை. அவர்களுடைய சிறந்த லீக் அவர்கள் நாட்டிலேயே இருக்கிறது. நார்வேயின் லீக் அந்த அளவுக்கு வலுவானது இல்லை. அதனால்தான் இந்தக் கேள்வியே வருகிறது.

ஊரிலேயே இருப்பது

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சோம்பேறி வழியாகத் தெரியும். நான் அப்படி நினைக்கவில்லை.

நார்வேயின் முதல் லீக்கில் ஒஸ்லோவின் வோலெரெங்கா, ஹாமர் ஊரின் ஸ்தூர்ஹாமர், ஸ்தவாங்கர் ஆயிலர்ஸ், ஃப்ரிஸ்க் ஆஸ்கர், சார்ப்ஸ்போர்க்கின் ஸ்பார்டா என்று நன்கு வேரூன்றிய கிளப்புகள் இருக்கின்றன. வேகமும் ஆழமும் ஸ்வீடனுக்கு ஈடில்லை. ஜூனியர் லீக்குகளில் அந்தக் குறை இன்னும் அதிகம். ஒரு வயதுப் பிரிவில் நல்ல ஆட்டக்காரர்கள் சிலர்தான் இருப்பார்கள், திறமையான பையன் வாரம் தவறாமல் எளிதாக ஜெயித்துப் பழகிவிடுவான். இந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் குறையே வேறொரு கதவைத் திறக்கிறது. நாட்டில் ஆட்டக்காரர்கள் குறைவு என்பதால், நன்றாக ஆடும் பதினேழு வயதுப் பையனைக் கிளப் தன் முதல் அணிக்கே இழுத்துவிடும். அங்கே அவன் எதிரில் நிற்பவர்கள் முப்பது வயது ஆண்கள். அவர்களில் பலர் கனடா, ஸ்வீடன், பின்லாந்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள், உடம்பில் வலு ஏறியவர்கள். சூல்பெர்க்குக்கு நடந்தது இதுதான். ஸ்வீடனின் பெரிய கிளப்புக்குப் போயிருந்தால் அதே வயதில் அவர் பெரும்பாலும் இருபது வயதுக்குட்பட்டோர் அணியில்தான் இருந்திருப்பார். இங்கே தவறு செய்தார், கோல் வாங்கினார், அடுத்த ஷிஃப்டில் மறுபடி பனியில் இறங்கினார். ஒரு ஷிஃப்ட், அதாவது ஒரு முறை பனியில் இறங்கி மாற்று ஆளுக்கு இடம் விடும் வரை, சுமார் முக்கால் நிமிடம். டிஃபென்ஸ் ஆடுபவருக்கு அந்த முக்கால் நிமிடங்கள் எத்தனை கிடைக்கின்றன என்பதுதான் படிப்பு. எதிராளி எந்தத் தோளைச் சாய்க்கிறான், பக்கை (ஆடும் ரப்பர் வட்டு) எப்போது விடுவான், எப்போது போய் மோத வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும் என்பதெல்லாம் எண்ணிக்கையில் வருவது. பயிற்சியில் முழுதாக வராது.

அப்புறம் 2024 மே மாதம், பிராக்கில் உலகச் சாம்பியன்ஷிப். நார்வே தேசிய அணியில் சூல்பெர்க் ஆடினார். என்எச்எல்லில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் மீது தயங்காமல் மோதினார். அணிகளுக்காக இளம் வீரர்களைத் தேடும் தேடலாளர்களின் பட்டியலில் அவர் பெயர் மேலே ஏறியது அந்த இரண்டு வாரங்களில்தான். சின்ன ஹாக்கி நாட்டில் பிறந்ததில் உள்ள பெரிய லாபம் இது. ஸ்வீடனில் பதினெட்டு வயது டிஃபென்ஸ்காரருக்குத் தேசிய மூத்த அணியில் இடம் கிடைப்பது மிக அரிது. நார்வேயில் கிடைக்கும்.

எமில் லில்லெபெர்க்கின் கதையும் இதை ஒட்டியது, ஆனால் இன்னும் மெதுவானது. சார்ப்ஸ்போர்க்கில் ஸ்பார்டாவுக்கு ஆடிக்கொண்டிருந்தவரை 2021ல், இருபது வயதில், 107வதாக அரிசோனா எடுத்தது. அதற்கு முன் இரண்டு டிராஃப்டுகளில் யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. பிறகு ஸ்வீடனின் ஓஸ்கர்ஸ்ஹாம் அணியில் இரண்டு ஆண்டு. கடைசியில் அவரோடு ஒப்பந்தம் போட்டது அரிசோனா இல்லை, டாம்பா பே. 2024 ஜனவரியில் அங்கே முதல் என்எச்எல் ஆட்டம்.

மாட்ஸ் சுக்காரெல்லோவை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. டிராஃப்டில் அவர் பெயரை எந்த அணியும் சொன்னதே இல்லை, ஆள் குள்ளம். கிட்டத்தட்ட இருபத்தொரு வயது வரை ஃப்ரிஸ்க் ஆஸ்கரில் ஆடினார். 2008ல்தான் ஸ்வீடனின் மூதூ கிளப்புக்குப் போனார். இரண்டாவது சீசனில், 2009-10ல், 55 ஆட்டங்களில் 64 புள்ளிகள் (அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்து அந்த லீக்கிலேயே முதலிடம். அதே குளிர்காலத்தில் வான்கூவர் ஒலிம்பிக்கிலும் ஆடினார். 2010ல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. நார்வேயில் நீண்ட காலம் இருந்தது அவரைத் தேய்க்கவில்லை. சொந்த ஊரில் பக் தன் மட்டையில் இருக்க ஆடிப் பழகியதால் வந்த தன்னம்பிக்கை ஸ்வீடனிலும் கூடவே போனது என்று நான் நம்புகிறேன்.

ஊரில் இருப்பதன் ஆபத்து என்ன? சுகமாகிவிடுவது. லீக்கில் நன்றாக ஆடும் பத்தொன்பது வயதுக்காரனை ஊரே கொண்டாடும், கிளப் விடாது. லீக்கில் எல்லோருக்கும் முழுநேரச் சம்பளம் கிடைப்பதில்லை, பலர் படிப்போ வேலையோ சேர்த்துப் பார்க்கிறார்கள். அந்த ஓட்டத்தில் இரண்டு வருடம் போவது தெரியாது. லில்லெபெர்க்கும் சுக்காரெல்லோவும் இருபதை ஒட்டி வெளியே போனார்கள், சூல்பெர்க் டிராஃப்ட் முடிந்ததுமே கார்ல்ஸ்டாட்டின் ஃபாரியெஸ்டாட் கிளப்புக்குப் போனார் என்பதைக் கவனியுங்கள். இந்த வழியில் போய் மேலே வந்தவர்கள் யாருமே ஊரிலேயே தங்கிவிடவில்லை. நேரம் பார்த்துக் கிளம்பினார்கள்.

ஸ்வீடன்

நார்வேப் பையனுக்கு ஸ்வீடன் அடுத்த தெரு மாதிரி. பேச்சு புரியும், சாப்பாடு புதிதில்லை. ஒஸ்லோவிலிருந்து கார்ல்ஸ்டாட்டுக்குக் காரில் சுமார் மூன்று மணி நேரம். சனிக்கிழமை ஆட்டம் பார்க்க அப்பா வந்துவிட்டுப் போகலாம். பதினாறு வயதில் இது சின்ன விஷயம் இல்லை.

ஹாக்கி ஜிம்னாசியம் என்ற ஏற்பாடு அங்கே நன்கு ஊறிய ஒன்று. காலையில் பனி, பிறகு வகுப்பு, மாலையில் மறுபடி பயிற்சி. கிளப்பும் பள்ளியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பதினெட்டு வயதுக்குட்பட்டோர், இருபது வயதுக்குட்பட்டோர் என்று ஒவ்வொரு படியிலும் போட்டி கனமாக இருக்கும்.

பிரான்ட்செக்-நீகோர்ட் போனது மோராவுக்கு. டாலர்னா மாகாணத்தில் சில்யான் ஏரிக்கரையில் இருக்கும் சிறிய ஊர். 90 கிலோமீட்டர் வாசலோப்பெட் பனிச்சறுக்கு ஓட்டம் முடியும் இடம் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். அந்தக் கிளப் ஸ்வீடனின் முதல் லீக்கில் இல்லை, இரண்டாவது லீக்கான ஹாக்கிஆல்ஸ்வென்ஸ்கானில் இருந்தது. இந்தத் தேர்வில்தான் புத்திசாலித்தனம் இருக்கிறது என்பது என் கருத்து. பெரிய கிளப்புகளில் முதல் அணி இடத்தைப் பிடித்திருப்பவர்கள் தேசிய அணி ஆட்கள். பதினேழு வயதுப் பையன் அங்கே ஜூனியர் அணியில் காத்திருக்க வேண்டும். மோரா போன்ற இடத்தில் மூத்த அணிக்கான படி குட்டை. ஆனால் அந்த லீக் லேசானது இல்லை. மேல் லீக்குக்கு ஏற அத்தனை அணிகளும் முட்டி மோதுகிற இடம் அது. 2023-24 சீசனில் அவர் 41 ஆட்டங்களில் 18 புள்ளிகள் எடுத்தார். எண்ணாகப் பார்த்தால் சாதாரணம். எடுத்தவருக்கு வயது பதினெட்டு, எதிரே ஆடியவர்கள் வளர்ந்த ஆண்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் டெட்ராய்ட் எதைப் பார்த்தது என்று புரியும்.

அடுத்த ஆண்டு அவர் முதல் லீக்கின் ஷெலெஃப்டியோவுக்குப் போனார். வட ஸ்வீடனின் வலுவான கிளப், 2024ன் சாம்பியன். அங்கே 42 ஆட்டங்களில் 11 புள்ளிகள். பெரிய கிளப்பில் இளைஞனுக்கு என்ன நடக்கும் என்பதற்கு இந்த எண்ணே சாட்சி. பலமான அணி, ஜெயிக்க வேண்டிய கோச், மூன்றாம் நான்காம் வரிசையில் கிடைக்கும் சில நிமிடங்கள். அது வீண் என்று சொல்ல மாட்டேன், பக் இல்லாதபோது எப்படி ஆடுவது என்று அங்கே கற்றிருப்பார். ஆனால் பதினேழு வயதிலேயே நேராக ஷெலெஃப்டியோவுக்குப் போயிருந்தால் மோராவில் கிடைத்தது கிடைத்திருக்குமா? சந்தேகம்தான். 2025 வசந்தத்தில் டெட்ராய்ட்டின் துணை அணியான கிராண்ட் ராபிட்ஸுக்குப் போனார், அக்டோபரில் டெட்ராய்ட் சட்டையில் முதல் ஆட்டம்.

அதே ஏரியின் மறுபக்கம் லெக்சாண்ட். அந்தக் கிளப்பின் ஜூனியர் அணியில் ஆடிய தீனுஸ் லூக் கோப்லரை 2025ல் 64வதாக டொரொன்டோ எடுத்தது. பாதை சூடு ஆறாமல் இருக்கிறது.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. 42வதாகப் போன ஹோல்டெட்டும் ஸ்வீடனில் வளர்ந்தவர்தான். என்எச்எல்லுக்கு அடுத்த படியான ஏஎச்எல் வரை வந்தார். என்எச்எல் ஆட்டம் ஒன்றுகூட அமையவில்லை. டிராஃப்ட் எண்ணை ஒரு பையனின் எதிர்காலம் என்று எண்ணிவிடக் கூடாது.

கனடா

பழைய தலைமுறைக்கு இதுதான் கனவு. என்எச்எல்லில் ஆடிய முதல் நார்வேக்காரரான பியோர்ன் ஸ்காரே ஒட்டாவா 67ஸ் ஜூனியர் அணியில் ஆடிவிட்டுத்தான் 1978-79ல் டெட்ராய்ட்டுக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். லில்லெஹாமரின் ஊலெ-கிறிஸ்தியான் தொல்லெஃப்சென் 2002ல் 65வதாகக் கொலம்பஸுக்குப் போனார். மானிடோபாவின் பிராண்டனில் ஜூனியர் ஆடி, பிறகு என்எச்எல்லில் ஏறினார். மோதலை விரும்பும் டிஃபென்ஸ்காரர், அந்த மண் அவருக்கு ஒத்துவந்தது.

லாபம் தெளிவானது. சீசனுக்கு 64 முதல் 68 ஆட்டங்கள், நீண்ட பேருந்துப் பயணங்கள், என்எச்எல் பாணி அட்டவணை. பனித்தளமும் அங்கத்திய அளவு: ஐரோப்பாவில் பெரும்பாலும் 30 மீட்டர் அகலம், அங்கே 26. அந்த நான்கு மீட்டர் குறைவது யோசிக்கும் நேரத்தையே தின்றுவிடும். அதைப் பதினெட்டிலேயே பழகலாம்.

ஆனால் எந்த ஊர் என்று பையன் தேர்ந்தெடுப்பதில்லை. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான தனி டிராஃப்டில் அணிதான் அவனை எடுக்கும். அணிக்கு இத்தனை வெளிநாட்டவர் என்று வரம்பு உண்டு. அதனால் அந்த இடத்தில் வந்தவன் முதல் மாதத்திலேயே கோல் அடித்துக் காட்ட வேண்டும் என்ற அழுத்தம் இருக்கும். இருப்பது யாரோ ஒரு குடும்பத்தின் வீட்டில். இதைவிட முக்கியமானது, எதிரே ஆடுபவர்கள் எல்லோரும் பதினாறு முதல் இருபது வயதுப் பிள்ளைகள். பெரியவர்களோடு ஆடும் அனுபவம் அங்கே இல்லை. கனடிய ஜூனியரிலிருந்து டிராஃப்ட் ஆனவன் இருபது வயதுக்கு முன் ஏஎச்எல்லில் ஆட முடியாது என்ற விதியும் நெடுநாளாக இருந்துவந்தது. என்எச்எல்லில் இடம் கிடைக்காவிட்டால் திரும்பவும் ஜூனியர்தான். என்எச்எல்லும் வீரர் சங்கமும் போட்ட, 2026ல் தொடங்கும் புதிய ஒப்பந்தம் இதைக் கொஞ்சம் தளர்த்துகிறது, அணிக்கு ஒரு பத்தொன்பது வயதுக்காரர் மட்டும். ஐரோப்பாவிலிருந்து எடுக்கப்பட்டவருக்கு இந்தக் கட்டு கிடையாது. பிரான்ட்செக்-நீகோர்ட் பத்தொன்பது வயதில் கிராண்ட் ராபிட்ஸில் இறங்க முடிந்தது அதனால்தான்.

பாட்ரிக் தூரெசெனை நினைத்துப் பாருங்கள். பயிற்சியாளர் பெட்டெர் தூரெசெனின் மகன். கியூபெக் ஜூனியர் லீக்கில் மாங்க்டன், பே-கோமோ என்று இரண்டு ஆண்டு ஆடினார். டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பி, ஸ்வீடன், ஆஸ்திரியாவில் ஜால்ஸ்பூர்க் என்று பெரியவர்களோடு ஆடிய பிறகு 2006ல் என்எச்எல்லின் எட்மண்டன் அணி அழைத்தது. கனடாவில் திறக்காத கதவு ஆஸ்திரியாவில் திறந்தது.

அமெரிக்கக் கல்லூரி

இதில் அதிகம் சொல்ல இல்லை, நார்வேயிலிருந்து போனவர்களும் குறைவு. மத்தியாஸ் எமிலியோ பெட்டெர்சென் மஸ்கீகனில் ஜூனியர் ஆடி, 2018ல் 167வதாகக் கால்கரிக்குத் தேர்வாகி, டென்வர் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு ஆடினார். ஆட்டங்கள் குறைவு, வார இறுதியில் மட்டும். மீதி நாள் உடற்பயிற்சியும் படிப்பும். தாமதமாக வளரும் உடம்புக்கு நல்லது, கையில் பட்டமும் மிஞ்சும். 2025 ஆகஸ்டிலிருந்து கனடிய ஜூனியரில் ஆடியவர்களும் கல்லூரிக்குப் போகலாம் என்று விதி மாறியிருப்பதால் இடத்துக்குப் போட்டி கூடியிருக்கிறது. தொழில்முறை ஒப்பந்தம் போட்டவருக்கு இந்த வாசல் சிக்கலாகும் என்பதால், ஊரில் முதல் அணியில் ஆடத் தொடங்கும் முன்பே இதைப் பற்றி முடிவு செய்துவிட வேண்டும்.

சரி, நான் எதைச் சொல்வேன்?

டிஃபென்ஸ் ஆடும் பையனாக இருந்து, முதல் அணியில் இடம் தருவதாகக் கிளப் உண்மையாகவே சொன்னால், பதினெட்டு வரை ஊரிலேயே இரு என்பேன். டிஃபென்ஸுக்கு ஆட்டநேரத்தை விடப் பெரிய வாத்தியார் இல்லை. தேசிய அணி வாய்ப்பு அதோடு சேர்ந்து வரும். டிராஃப்ட் முடிந்ததும் எல்லை தாண்டலாம்.

முன்வரிசை ஆட்டக்காரனாக இருந்து, தன் வயதுப் பிரிவில் ஆட்டம் எளிதாகிவிட்டது என்றால் பதினாறிலேயே ஸ்வீடன். அதிலும் பெயர் பெற்ற கிளப்பைத் துரத்தாமல், பதினேழு வயதுக்காரனை மூத்த அணியில் இறக்கும் பழக்கம் உள்ள இரண்டாம் லீக் கிளப்பாகப் பார்க்க வேண்டும். முன்வரிசைக்கு வேகம்தான் முதல். சுற்றி இருப்பவர்கள் மெதுவாக ஆடினால் கையும் மெதுவாகிவிடும்.

கனடா, உடம்பு ஏற்கெனவே முதிர்ந்து, மோதலை விரும்பி, வீட்டை விட்டு வெகுதூரம் இருக்கத் தயங்காத பையனுக்கு மட்டும். கல்லூரி, படிப்பு மேல் ஆசை உள்ளவனுக்கும் உடம்பு தாமதமாக வளர்பவனுக்கும்.

இதற்கெல்லாம் மேல் பையனின் மனசு இருக்கிறது. பதினாறு வயதில் அந்நிய ஊரில், நவம்பர் மாதம் மாலை நாலு மணிக்கே இருட்டும்போது, ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு அறைக்குத் திரும்புகிற அந்த இரவை அவன் தாங்குவானா என்று அம்மாவுக்குத்தான் தெரியும். தாங்க மாட்டான் என்று தெரிந்தால், ஒரு வருடம் பிந்திப் போவதில் எந்தக் கெடுதியும் இல்லை. சுக்காரெல்லோ கிட்டத்தட்ட ஐந்து வருடம் பிந்தினார்.

கிளப்புகள் காட்டும் படக்காட்சியை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஜனவரியில் ஒரு வார இறுதி மோராவுக்கோ லெக்சாண்டுக்கோ போய் ஆட்டம் பாருங்கள். மூன்றாவது பீரியடில், ஸ்கோர் சமமாக இருக்கும்போது, கடைசி ஐந்து நிமிடத்தில் கோச் யாரைப் பனியில் இறக்குகிறார்? பதினெட்டு வயதுக்காரர் ஒருவராவது இருக்கிறாரா? அடுத்த வாரம் ஊர்க் கிளப்பின் ஆட்டத்திலும் அதே ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். மார்ச் 1க்குள் இரண்டையும் பார்த்துவிட நேரம் இருக்கிறது.